தட்டுவது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம்: மின்னணு டிரம்ஸும் வீட்டு ஒலிப்பதிவும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்க்கலாம். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம் இது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இவர்கள் எடுத்தவைதான். 1963ல் சுந்தரம் மறைந்தார். பிற்காலத்தில் ஸ்டூடியோவும் ஓய்ந்துபோனது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கலைஞர் ஒருவர் தன் வாசிப்பைத் தரமாகப் பதிய வேண்டுமென்றால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்ற நிலை வந்தது.

அந்த நிலையை மாற்றியவை சில சின்னப் பெட்டிகள். 1980ல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 கருவி, நிஜ டிரம்ஸின் ஒலியைச் சில்லுக்குள் பதித்து வைத்தது. 1983ல் மிடி வந்தது. எந்தப் பேடை, எவ்வளவு வேகமாக அடித்தோம் என்ற தகவலை மட்டும் ஒரு கேபிள் வழியே அனுப்பும் முறை இது. 1985ல் ரோலண்ட் நிறுவனம் எட்டு பேடுகள் கொண்ட ஆக்டோபேடை வெளியிட்டது. நம் ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுக்கள் வைத்து வாசிக்கும் பேடுகளுக்கு இதுதான் முன்னோடி.

1986ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1989ல் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தன் வீட்டையொட்டியே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992ல் 'ரோஜா' வந்தபோது, வீட்டோடு இருக்கும் ஒரு கூடத்தால் என்ன செய்ய முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்து கணினி வீட்டுக்கே வந்தது. கூடவே பிரச்சினையும் வந்தது. பேடை அடித்தால் ஸ்பீக்கரில் சத்தம் சற்றுத் தாமதமாகக் கேட்கும். மிடி மேல் தவறில்லை, அது ஒரு அடியைச் சுமார் 1 மில்லி செகண்டில் சொல்லிவிடும். கணினிதான் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து வெளியே விடுகிறது. ஒரு செகண்டுக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 1024 மாதிரிகளைச் சேர்த்தால் 23 மில்லி செகண்ட் போய்விடும். டிரம்ஸிலிருந்து 8 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல. 128 ஆகக் குறைத்தால் வெறும் 3 மில்லி செகண்ட். விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதை இதற்குமேலும் தாமதம் சேர்த்தது. அதைச் சுற்றிவளைக்காமல் நேராகப் போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ல் அசியோ முறையைக் கொண்டுவந்தது.

பஃபரை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து உண்டு. கணினி ஈடுகொடுக்க முடியாமல் படபடவென்று வெடிக்கும். அதனால் வாசிக்கும்போது குறைத்து, மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்வது வழக்கமானது. இன்னும் எளிய வழி, ஹெட்போனை டிரம்ஸின் சொந்தப் பெட்டியில் மாட்டி வாசித்துவிட்டு, கணினியில் மிடியை மட்டும் பதிவது. தப்பான அடியைப் பிறகு திருத்தவும் முடியும்.

ஸ்னேரை அடித்தால் பக்கத்துப் பேடும் பேசினால், ஸ்டாண்ட் வழியே அதிர்வு தாவுகிறது என்று அர்த்தம். பெட்டியின் அமைப்புகளில் உணர்திறனைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். விடாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் கோளாறு மின் இணைப்பில், எர்த் பக்கம்.

இந்த வரலாறு ஏன் முக்கியம்? வழிகாட்ட ஆளில்லாமல் வீட்டில் தனியாக வாசிக்கும் பையன், தாளம் தவறினால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவான். இனி தனக்கு வராது என்று பேடை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவான். பல நேரம் அவன் கை சரியாகத்தான் இருந்திருக்கும். தாமதித்தது கணினி.