கூடாரக் கான்ட்ராக்ட்

ஆடித்தபசு முடிந்த பிறகு சங்கரன்கோவில் கடைவீதியைப் பார்த்திருக்கிறீர்களா? கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணராகச் சுவாமி காட்சி கொடுத்தாயிற்று. கூட்டம் ஊர் திரும்பியாயிற்று. வளையல் கடை, பாத்திரக் கடை, ராட்டினக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு வளையல் கடைக்காரர் மட்டும் அவிழ்த்த படுதாவைச் சுருட்டாமல் தரையில் விரித்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்து, வெயிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி லேசாகத் தூறல்.

"ஈரத்தோட சுருட்டிட்டா ஒரே வாரத்துல பூசணம் பூத்துரும் அண்ணாச்சி. அப்புறம் கையை வச்சா கிழியும். படுதா விக்கிற விலையில கட்டுபடியாகுமா?" என்றார்.

கட்டுபடியாகுமா? இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டுத்தான் ஒரு பெரிய ராணுவமே குப்புறக் கவிழ்ந்தது. கேட்டவர்கள் வளையல் கடைக்காரர்கள் அல்ல, கிழக்கிந்திய கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகள்.

கூடாரம் நமக்குப் புதுசு இல்லை. முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறையையே கண்முன் நிறுத்துகிறார். துணித் திரை கட்டிய உள்வீடு, காவலுக்கு யவனர், நேரம் சொல்லும் நாழிகைக் கணக்கர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கூடாரத்துக்கு மாதா மாதம் பட்ஜெட் போட்டவன் கம்பெனிக்காரன்தான்.

சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு அந்தக் கூடாரங்கள் நன்றாகவே பழக்கம். பக்கத்து நெற்கட்டும்செவல்தான் பூலித்தேவன் கோட்டை. 1755-ல் கர்னல் ஹெரான் அங்கே படையோடு வந்து வரி கேட்டு, ஒன்றும் பெயராமல் திரும்பிப் போனார். அடுத்து வந்தவர் யூசுப்கான், நம்ம மருதநாயகம். வாசுதேவநல்லூர் கோட்டை முன்னால் 1759-ல் முகாம் போட்டு, முடியாமல் திரும்பி, 1761-ல்தான் பிடித்தார். கோட்டைகள் விழுந்தபின் பூலித்தேவன் சங்கரன்கோவில் சந்நிதியில் ஜோதியாகக் கலந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. மேற்படி படையெடுப்புகளில் எல்லாம் பீரங்கியைப் பற்றி எழுதிய அளவுக்குக் கூடாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. நியாயமாகப் பார்த்தால் எழுதியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அது லேசுப்பட்ட சாமான் இல்லை. இப்போது கடையில் கிடைக்கிற நைலான் கூடாரத்தைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு எல்லாம் கனத்த பருத்தித் துணி. வெயில் நேரே இறங்காமலிருக்க மேலே ஒரு கூரை, கீழே ஒரு கூரை, நடுவில் காற்றோட இடைவெளி. மரக் கம்பங்கள், கயிறுகள், மூட்டை மூட்டையாக முளைகள். மழையில் நனைந்தால் துணியின் எடை எங்கேயோ போய்விடும். கயிறு நனைந்தால் சுருங்கி இழுத்து முளையையே பிடுங்கிவிடும். அதனால் மழை வருகிற ராத்திரியில் யாராவது எழுந்துபோய்க் கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும். காலையில் காய வைக்காமல் மடித்தால், வளையல் கடைக்காரர் சொன்ன கதிதான். கிடங்கில் வைத்தால் கரையான்.

இந்த வேலைக்கென்றே லஸ்கர்கள் இருந்தார்கள். கூடாரம் அடிப்பது, பிரிப்பது, மடிப்பது, மாட்டின் மேல் ஏற்றுவது அவர்கள் பாடு. (நம்ம ஊர் கால்வாய் மதகு காவலுக்கு 'லஸ்கர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்த வழியாகத்தான்.) சுமக்க மாடுகள், மாட்டுக்குத் தீவனம், மாட்டுக்காரனுக்குச் சம்பளம். படை நகராத மாதத்திலும் மாடு தின்னும்.

இந்தத் தலைவலியை யார் கட்டி மேய்ப்பது? மதராஸ் ராணுவம் ஒரு வழி கண்டுபிடித்தது. சிப்பாய்ப் பட்டாளத்தின் தலைமை அதிகாரியிடமே பொறுப்பை விட்டுவிடுவது. மாதாமாதம் ஒரு நிலையான தொகை. கூடாரமும் மாடும் ஆளும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யுத்தம் நடந்தாலும் அதே தொகை, சும்மா இருந்தாலும் அதே தொகை. இதற்குப் பெயர் 'டென்ட் கான்ட்ராக்ட்'.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் காது விடைக்கும். வரவு நிலையானது. செலவு மட்டும் ஏறி இறங்குகிறது. பட்டாளம் பாளையங்கோட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தால் கூடாரம் கிழியாது, மாடு சாகாது, மிச்சம் முழுக்க அதிகாரியின் சட்டைப்பையில். யுத்தத்துக்குக் கிளம்பினால் கைக்காசு போகும். அதாவது ஒரு ராணுவ அதிகாரிக்கு லாபம் வேண்டுமென்றால் அவர் ராணுவம் நகரக்கூடாது!

இதைப் பச்சையாகப் போட்டு உடைத்தவர் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ. நமக்குத் தெரிந்த தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. தளபதி சர் ஜான் க்ரடாக் கேட்டுக்கொண்டபடி 1807-ல் ஓர் அறிக்கை எழுதினார். சமாதானத்திலும் போரிலும் ஒரே தொகை கொடுப்பது அதிகாரியின் கடமையையும் ஆதாயத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது என்பது சாராம்சம். கல்கத்தா ஒப்புக்கொண்டது. மதராஸின் புது கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ, 1808-ல் கான்ட்ராக்டை ஒழித்துக் கட்டினார்.

அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. வங்காளப் படை அதிகாரிக்குக் கிடைத்த படிகள் மதராஸ்காரனுக்குக் கிடையாது. கூடாரப் பணத்தில் மிச்சம் பிடிப்பதைச் சம்பளத்தில் ஒரு பகுதியாகவே நினைத்துப் பழகிவிட்டார்கள். ஆனால் வெளியே அதையா சொல்ல முடியும்? "எங்களைத் திருடர்கள் என்கிறான் மன்றோ. மானம் போச்சு, ராணுவ விசாரணை வை" என்று கிளம்பினார்கள்.

புதிய தளபதி ஹே மக்டவலுக்கு ஏற்கெனவே ஒரு கோபம். கவுன்சிலில் அவருக்கு ஆசனம் தரவில்லை. 1809 ஜனவரியில் மன்றோவைக் கைது செய்துவிட்டார். விடுவிக்கச் சொன்னது அரசு. விட்டார். ஆனால் ஊருக்குக் கப்பல் ஏறும்போது மன்றோவைக் கண்டித்து ஓர் உத்தரவை விட்டுவிட்டுப் போனார். அந்தக் கப்பல், 'லேடி ஜேன் டன்டாஸ்', மார்ச் மாதப் புயலில் அவரோடு காணாமல் போயிற்று.

அவர் வைத்த நெருப்பு இங்கே அணையவில்லை. உத்தரவைச் சுற்றுக்கு விட்ட அதிகாரிகளை பார்லோ சஸ்பெண்ட் செய்தார். அவர்களுக்காக மனு போட்டவர்களை மே மாதம் சஸ்பெண்ட் செய்தார். மனிதர் பிடிவாதக்காரர், யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற ரகம் இல்லை. இத்தனைக்கும் நடுவில், வேலுத்தம்பி தளவாயை அடக்குவதற்காக இதே மதராஸ் படை நெல்லைச் சீமை வழியாகப் போய் பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. கூடார சண்டை ஒரு பக்கம், கூடாரத்தில் தூங்குகிற யுத்தம் இன்னொரு பக்கம்!

ஜூன் 25. மசூலிப்பட்டினத்தில் அதிகாரிகள் தங்கள் கமாண்டரையே காவலில் வைத்தார்கள். ஹைதராபாத்தில் கலகம். ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை அதிகாரிகள் கையில். விசுவாச உறுதிமொழியில் கையெழுத்து போடச் சொன்னது அரசு. பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். சரித்திரத்தில் இதற்கு 'வெள்ளைக் கலகம்' என்று பெயர்.

ஆகஸ்ட் 11-ம் தேதி நடந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. சித்ரதுர்கத்திலிருந்து இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்களைக் கலக அதிகாரிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் அரசாங்கத்தின் குதிரைப்படையும் மைசூர் குதிரைக்காரர்களும் பாய்ந்தார்கள். சிப்பாய்கள் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். கூடாரப் பணத்தில் ஒரு காசு அவர்கள் கைக்கு வந்ததில்லை. கான்ட்ராக்ட் இருந்தபோது அதிகாரி மிச்சம் பிடித்த கந்தல் துணிக்குக் கீழேதான் படுத்திருப்பார்கள். அதிகாரி "நட" என்றார், நடந்தார்கள்.

அதோடு கலகம் பிசுபிசுத்துப் போனது. செப்டம்பரில் கவர்னர் ஜெனரல் மின்டோ நேரில் வந்தார். சுமார் இருபது பேரைத் தவிர எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. அந்தச் சிலரில் சிலருக்கு வேலை போனது. கலக அதிகாரி யாரும் தூக்கில் தொங்கவில்லை.

சரியாக மூன்று வருஷத்துக்கு முன்னால், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் இதே ராணுவத்தின் சிப்பாய்கள் தலைப்பாகைக்காகவும் நெற்றிக் குறிக்காகவும் எழுந்தார்கள். அவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

பார்லோவை 1812-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அறிக்கை எழுதி எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய ஜான் மன்றோ, 1810-ல் திருவிதாங்கூருக்கு ரெசிடெண்டாகப் போய், அப்புறம் திவானாகவும் உட்கார்ந்தார். சங்கரன்கோவிலில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்.

வளையல் கடைக்காரரின் படுதா மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்து உதறி, கயிற்றைத் தனியாகச் சுற்றி, முளைகளை எண்ணிச் சாக்கில் போட்டார்கள். ஒரு முளை குறைந்தது. தேடிக்கொண்டிருந்தபோது நான் பஸ் ஏறிவிட்டேன்.