வீடு தேடி வந்த மருத்துவச்சி



"வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற மகளையும் அப்படித்தான் பார்த்தோம், படுத்த படுக்கையாகிவிட்ட தாய் தகப்பனையும் அப்படித்தான் பார்க்கிறோம். அதில் பாசம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நமது தோட்ட வரலாறே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம் அதுதான். அவருடைய பெயரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்த வட்டாரத்து லயங்களில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைத்து, பத்தியம் பொங்கிப் போட்ட கிழவிகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது. விடியுமுன் தாய் பெரட்டுக்குப் போய்விடுவாள். ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டிய ஆயாதான் பகலெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தாய்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்துப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் தாய் போனதும், சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால் சிசு ஜன்னி கண்டு போனதும் உண்டு. மலாயாவில் 1950-ஆம் ஆண்டையொட்டி ஒரு லட்சம் பிள்ளைகள் பிறந்தால் 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே இறங்கிவிட்டது. இது எப்படி நடந்தது?

எல்லாத் தாய்மார்களையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியை வீட்டுக்கே அனுப்பினார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வளர்ந்தது. 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் இந்தத் தொழிலைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. கிராமத்துப் பாட்டிமார்களை விரட்டாமல், அவர்களுக்கும் சுத்தத்தைச் சொல்லிக்கொடுத்துக் கூட வைத்துக்கொண்டார்கள். 1989-இல் கர்ப்பிணிகளுக்கு வண்ணக் குறியீடு வந்தது. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்தத் தாயை யார் பார்க்க வேண்டும், யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

தோட்டத்திலும் இதே கதைதான். 'டிரசர்' என்று நாம் அழைத்த தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் ஒரு சட்டமே வந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் குறைகள் ஆயிரம் இருந்திருக்கலாம். ஆனாலும் நடு இரவில் கதவைத் தட்ட ஒருவர் இருந்தார்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. நம் மக்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை எனப் பல இடங்களிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். டிரசர் கூடவே வரவில்லை, ஆயாவும் வரவில்லை. பால் மரம் சீவிய அந்தத் தலைமுறை இன்று படுக்கையில் கிடக்கிறது. பார்ப்பது யார்? பெரும்பாலும் ஒரு மகள், அல்லது ஒரு மருமகள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மாற்றிவிடவும் ஆளில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம், நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு முதியவரைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் ஆள் அதன் கண்ணில் படுவதில்லை. பயிற்சி உண்டா, இல்லையா என்று கேட்பாரும் இல்லை.

நல்ல மாற்றங்களும் வந்துள்ளன, மறுப்பதற்கில்லை. வீடு தேடி வந்து நோயாளியைப் பார்க்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கியது. கிளினிக் குழு வந்து, குடும்பத்தாருக்கும் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்கும். படுத்த படுக்கையான நோயாளிகளைப் பராமரிப்போருக்குச் சமூகநல இலாகா தரும் உதவித்தொகை 2021-இல் மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ பாதுகாப்பு 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. வீட்டில் செய்வதும் வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது. ஆனால் இவற்றைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் நம்மில் எத்தனை?

நேயர்களே, வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், கிளினிக்குக்குப் போய் அந்தச் சேவையைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டினால் புரை ஏறி, நெஞ்சுக்குள் போய்விடும். இவை தெரியாமல் நடக்கும் தவறுகள். பாசம் எவ்வளவு இருந்தாலும் இவற்றைத் தடுக்காது, பயிற்சிதான் தடுக்கும்.

நம் ஆலய மண்டபங்களில் திருமணம் நடத்துகிறோம், விருந்து வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாதியை அழைத்து, பராமரிக்கும் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் சொல்லித்தர ஏற்பாடு செய்ய முடியாதா? கர்ப்பிணிக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்த நாடு, படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் ஒன்று கொடுக்கக் கூடாதா?

நம்மைப் பெற்றெடுக்கும்போது நம் தாய்மார்களின் உயிரைக் காப்பாற்ற, பயிற்சி பெற்ற ஒருத்தி சைக்கிள் மிதித்து வாசலுக்கு வந்தாள். அந்தத் தாய்மார்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. மறுபடியும் ஒருத்தி வர வேண்டும். வரும்வரை கேட்போம்.