அறபுத் தமிழில் ஒரு கடைக் கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றால் எமது பாடப் புத்தகங்களில் பீரங்கிகளின் வரலாறுதான். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்துக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் 1957 வரை கடற்படைத் தளத்தைத் தம்வசம் வைத்திருந்தனர். பல வருடங்களாக நானும் இதைத்தான் கற்பித்து வருகிறேன். இந்தத் துறைமுகத்துக்கு விறகு கொடுத்தவர் யார், அரிசி விற்றவர் யார் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சென்ற வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு மாணவி தனது மூத்தவாப்பாவின் வாப்பா வைத்திருந்த கடைக் கொப்பியைக் கொண்டுவந்தாள். கறையான் அரித்த ஓரம். உள்ளே முழுவதும் அறபு எழுத்து. "ஓதுற கிதாபு சேர், அதனாலதான் உம்மா பரண்ல பத்திரமா வச்சிருந்தா" என்றாள். வாசித்துப் பார் என்றேன். குர்ஆன் மத்ரஸாவில் படித்த பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அ... ரி... சி." வகுப்பே சிரித்தது. அது அறபு அல்ல, தமிழ். அரிசி, மண்ணெண்ணெய், பேரீச்சம்பழம், தோணிக் கூலி என்று பக்கம் பக்கமாகக் கணக்கு.

நகரம் ஒன்றின் பழைய வணிகத்தை அறிய ஆவணங்களுக்குக் குறைவில்லை. 1802 முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானி இருக்கிறது. 1859இல் தொடங்கிய பெர்கூசன் விபரக்கொத்தில் தோட்டங்களும் கம்பனிகளும் உத்தியோகத்தர்களும் வரிசையாக உள்ளனர். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் பாதுகாக்கும் ஒல்லாந்தக் கம்பனியின் ஏடுகள், 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற தொகுதியைச் சேர்ந்தவை. ஆனால் இவையெல்லாம் ஆட்சிக்குத் தேவைப்பட்டவர்களின் பதிவுகள். வரி கட்டியவன், குத்தகை எடுத்தவன், வழக்காடியவன் அதில் வருவான். துறையடியில் கடனுக்குச் சாமான் கொடுத்தவன் வரமாட்டான்.

இதற்கு எமது மண்ணிலேயே பழைய சான்று உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பாய்மரத்தைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த றொபட் நொக்ஸ் 1660இல் தன் தந்தையோடு கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பி, 1681இல் நூல் எழுதி உலகப் புகழ் பெற்றார். அந்தக் கப்பலில் இருந்த துணி பறங்கிப்பேட்டை வணிகர்களுக்கு உரியது, அவர்களும் கூடவே வந்து கொட்டியாரத்தில் சரக்கை இறக்கினார்கள் என்று அவரே எழுதுகிறார். அவர்கள் பெயரை எழுதவில்லை. சிறைப்பட்டவனின் பெயர் நிலைத்தது. வியாபாரத்துக்கு வந்தவர்களின் பெயர் கடலோடு போயிற்று.

மாணவியின் கொப்பியில் பெயர்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு கடன், எந்தத் தோணி எப்போது வந்தது என்றும் இருக்கிறது. ஹிஜ்ரி 1361 றபீஉல் அவ்வல் மாதத்தின் பிற்பகுதியில் கணக்கு திடீரென நிற்கிறது. சில வாரங்கள் வெற்றிடம். பிறகு வேறு மையில் தொடர்கிறது. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 9, ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு வீசிய நாள் அந்த வெற்றிடத்துக்குள் வருகிறது. கடைக்காரர் காரணம் எழுதவில்லை. ஆனால் திரும்பி வந்த பின் எழுதிய முதல் பக்கத்தில் பல பெயர்களுக்கு எதிரே கடனை வெட்டிவிட்டிருக்கிறார். குண்டுவீச்சைப் பற்றி நான் வாசித்த எந்த நூலிலும் இது இல்லை.

இப்படி எத்தனை கொப்பிகள் இருந்தன? 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியாவுக்குள் வந்தபோது ட்ரங்குப் பெட்டிகளோடு போனவை எத்தனை? 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தபோது விட்டுச் சென்ற உறுதிகளும் பள்ளிவாசல் கணக்குகளும் எத்தனை? உயிர் தப்பியதே பெரிது என்ற நேரத்தில் கடதாசியை யார் நினைப்பார்?

எஞ்சியவற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அறபு எழுத்து என்பதால் மரியாதையோடு பரணில் வைக்கிறோம். பழுதானால் அதே மரியாதையோடு எரிக்கிறோம், கடலில் விடுகிறோம். ஓதுவது எது, கணக்கு எது என்று பார்ப்பதில்லை. அறபுத் தமிழ் அழிந்துவிட்டது என்று கவலைப்படும் நாம், எமது பிள்ளைகள் அதை வாசிக்க முக்கால் தூரம் வந்துவிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். உயிர்க்குறிகளோடு எழுதியிருந்தால், குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளை தமிழ் ஒலிகளுக்காகச் சேர்த்த சில எழுத்துகளை மட்டும் கற்றால் போதும். என் மாணவி ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரணைத் துப்பரவு செய்யும்போது, எரிக்குமுன் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கொப்பியை நாங்கள் அப்படித்தான் பிரதி செய்தோம். மூலத்தை மாணவியின் உம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். "கிதாபு இல்லையா சேர்?" என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டார். "இல்ல. ஆனா வச்சிருங்க" என்றேன்.