வீடு தேடி வரும் உதவி

வைத்தியசாலை ஓரிடத்தில் இருக்கும்; நோயுற்றவர் அதை நாடிச் செல்வர். நாம் பழகிய முறை இதுவே. பச்சிளம் சிசுவிற்கு இம்முறை எளிதில் பொருந்துவதில்லை. பிள்ளை பெற்றவள் சில வாரங்கள் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்னும் வழக்கம் நம் நாட்டில் பல பகுதிகளில் உண்டு. சிசுவைப் பற்றிய நோயோ விரைவில் முற்றிவிடும். ஆகவே உதவிதான் வீட்டை நாடிச் செல்லவேண்டும்.

இக்கருத்து புதியதன்று. 1862-ம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஸால்போர்டு நகரங்களில் மாதர் சங்கம் ஒன்று, ஏழைகளின் இல்லங்களுக்குப் பெண்களை அனுப்பிச் சுகாதாரம் போதிக்க முற்பட்டது. வீடுதோறும் செல்லும் சுகாதார மாதரைப் பயிற்றும் பள்ளி நம் டில்லியில் 1918-ல் தோன்றியது. அது லேடி ரீடிங்கின் பெயரால் வழங்கலாயிற்று.

எனினும், இம்முறையின் ஆற்றலை ஐயமற விளக்கியது மகாராஷ்டிரத்தில் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டமே. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் அங்கே 39 கிராமங்களில், ஓரளவே பள்ளிப்படிப்புள்ள உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தனர். 1995 முதல் அப்பெண்கள் வீடுகளுக்குச் சென்று சிசுவை நிறுத்தனர்; மூச்சை எண்ணினர்; உடற்சூட்டைக் கணித்தனர்; குளிர் படாமல் காக்கக் கற்பித்தனர்; கிருமி தாக்கியபோது ஊசி மருந்தும் செலுத்தினர். முன்பு அக்கிராமங்களில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 62 முதல் மாதத்திலேயே இறந்தன. 1998-க்குள் அத்தொகை ஏறத்தாழ 25 ஆயிற்று. 1999-ல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டது.

2005-ல் கிராமந்தோறும் ஆஷா என்னும் பெண் தொண்டர்களை அமர்த்தத் தொடங்கிய நமது அரசாங்கம், 2011-ல் இம்முறையை நாடெங்கும் மேற்கொண்டது. வைத்தியசாலையில் குழந்தை பிறந்தால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா வீட்டிற்கு வருவார். வீட்டிலேயே பிறந்தால் முதல் நாளும் வருவார். 2013-ல் இத்தொண்டு நகரங்களின் ஏழை மக்களுக்கும் விரிந்தது. 2018 முதல் குழந்தையின் பதினைந்தாம் மாதம் வரை மேலும் ஐந்து வருகைகள் சேர்ந்தன.

பிறந்தகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இச்செய்தி முக்கியமானது. தலைப்பிரசவத்தின்போது தாயோ பாட்டியோ அருகில் இல்லாத இல்லங்கள் நம்மிடையே பல. மராத்தியோ ஹிந்தியோ பேசிக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நிற்கையில், பாஷை தெரியவில்லையே என்று கதவைச் சாத்திவிடலாகாது. தேவையாயின் பாஷை அறிந்த அண்டை வீட்டாரைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அரசு ஊழியர் என்ற தகுதியின்றி, பெரும்பாலும் ஊக்கத்தொகை மட்டுமே பெற்று உழைப்பவர் அவர். அவருக்கு ஓர் ஆசனமளித்து, குழந்தையை அவர் கையில் கொடுப்பது நம் கடமையாகும்.