ஒரு ரூபாய் தானியமும் ஸ்ரீ அன்னமும்: ரொட்டி மாவின் சாதி வரலாறு

2013-இல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், முரட்டுத் தானியம் 1 ரூபாய். சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் அந்தக் கடைசி வரியில்தான் அடக்கம். பெரும்பாலான மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு அந்த ஒரு ரூபாய்த் தானியம் வந்து சேரவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதி அமைச்சர் அதே தானியங்களை ‘ஸ்ரீ அன்னம்’ என்றார். இன்று நகரத்துக் கடையில் சோள மாவின் விலை கோதுமை மாவைத் தாண்டி நிற்கிறது. தானியத்துக்குப் பூணூல் போட்டாகிவிட்டது; அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு ஊரில் அதே பழைய பெயர்தான்.

வீட்டில் தினமும் ரொட்டி சுட எந்த மாவு உடம்புக்கு நல்லது என்று விடுதி மாணவர்களும் மகளிர் குழுக்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வரலாற்றுக்குள் போகும் முன் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. தவிடு நீக்காத கோதுமை மாவில் சுமார் 11 கிராம், சோளத்தில் 10, கம்பில் 11. ஆக, முழுக் கோதுமையை விஷம் போலப் பேசும் காணொளிகளை நம்ப வேண்டியதில்லை. பள்ளம் மைதாவில்தான் இருக்கிறது. ஆனால் கம்பில் இரும்புச்சத்து 6.4 மில்லிகிராம், கோதுமை மாவில் 4. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், கோதுமை மாவில் 31 மட்டுமே. ரத்தசோகையோடு கல்லூரிக்கு வரும் நம் பெண்பிள்ளைகளுக்கு இந்த எண்கள் முக்கியம். ஒரே மாவில் நிற்காமல் சோளம், கம்பு, கேழ்வரகு என மாற்றி மாற்றிச் சுடுவதே நல்லது. கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் மாவு சீக்கிரம் கசந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். ‘பலதானிய மாவு’ பொட்டலத்தை வாங்கும் முன் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், பெரும்பாலும் முதல் பெயர் கோதுமையாகவே இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு எந்த மாவானாலும் எத்தனை ரொட்டி என்ற கணக்கும் உண்டு.

இனி வரலாறு. தக்காணத்தின் அன்றாட ரொட்டி சோளத்தில் சுட்டது. மக்காச்சோளத்தைச் சொல்லவில்லை, நம் ஊர் வெள்ளைச்சோளம். மராத்தியில் பாக்ரி, தெலுங்கில் ஜொன்ன ரொட்டெ. சோள மாவுக்குக் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, கட்டையால் தேய்க்காமல் உள்ளங்கையால் தட்டித் தட்டி விரிக்க வேண்டும். கை பழகியவர்களுக்கே வரும்.

இந்த பாக்ரிக்குள் சாதி எப்படி நுழைந்தது? மகாராஷ்டிரத்து மகர்கள் ‘வதன்’ முறையில் ஊர் வேலைக்குக் கட்டுப்பட்டவர்கள். செய்தி சொல்வது, எல்லை காப்பது, செத்த மாட்டை அகற்றுவது என எந்த நேரமும் வேலை. கூலியாக அறுவடையில் கொஞ்சம் தானியம், பிறகு வீடு வீடாகப் போய் வாங்கும் மிச்ச பாக்ரி. அதைப் பிச்சை என்று அவர்கள் நினைக்கவில்லை, தங்கள் உரிமை என்றே நம்பினார்கள். சாதியம் வேலை செய்யும் விதமே அதுதான்: எச்சிலை உரிமை என்று நம்பவைப்பது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியையும் மிச்ச உணவையும் விட்டுவிடச் சொன்னார். குளத்து நீருக்காக நடந்த போராட்டம் என்றே மகாடை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; தட்டில் விழும் ரொட்டிக்காகவும் நடந்த போராட்டம் அது. அடுத்த ஆண்டே பம்பாய்ச் சட்ட மேலவையில் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வர 1958 ஆயிற்று. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கீழ்நிலை’ வதன்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

மராத்வாடா தலித்துகளின் சமையலை எழுத்தில் பதிந்த சாஹு பாட்டோளே, 2015-இல் வந்த தன் மராத்தி நூலுக்கு ‘அன்னம் அபூர்ண பிரம்மம்’ என்று பெயர் வைத்தார். அன்னமே பூரணப் பிரம்மம் என்ற வழக்கை ஒரே எழுத்தில் உடைத்த பெயர். நெய்யும் பாலும் இல்லாத அடுப்பிலிருந்து பார்த்தால் அன்னம் அப்படித்தான் தெரியும்.

கோதுமை ரொட்டி உழைக்கும் மக்கள் வீட்டுக்கு அன்றாடமாக வந்தது அண்மைக் காலத்தில். 1950-களில் பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. 1960-களில் குட்டைரகக் கோதுமை வந்தது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. பாசன நிலம், உரம், உறுதியான கொள்முதல் விலை எல்லாம் கோதுமைக்கும் நெல்லுக்கும் போயின. மானாவாரி நிலத்துச் சோளத்துக்கு எதுவும் வரவில்லை. 1980 வாக்கில் நாட்டில் சுமார் 1.6 கோடி ஹெக்டேரில் விளைந்த சோளம் இப்போது 40 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிர ஏழைகளுக்கு ரேஷனில் கிடைத்த சோளமோ அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்பு மைலோ. சொந்த மண்ணின் சோளம் காய்ந்து கிடக்க, கப்பல் சோளத்தில் பாக்ரி தட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரத்தில் நடந்தது. 1956 வரை மராத்வாடாவும் இந்தப் பகுதியும் ஒரே ஹைதராபாத் மாநிலத்தில் இருந்தவை. அதே சோள ரொட்டிதான் இங்கும். நிலச் சீர்திருத்தத்தில் இங்குள்ள தலித் குடும்பங்களுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்திருந்தது. செம்மண் மேடு, கல், தரிசு. உழ மாடில்லை, விதையில்லை, எனவே நிலம் இருந்தும் கூலிகள். 1983-இல் ஆந்திராவில் 2 ரூபாய் அரிசி வந்தது. பசி தணிந்தது உண்மை, அதைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆனால் வயிற்றுக்கு அரிசி வந்ததும் தரிசு தரிசாகவே கிடந்தது.

தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் சேர்ந்த தலித் பெண்கள் 1990-களில் வேறு வழி கண்டார்கள். 30-க்கும் மேற்பட்ட ஊர்களில் 2,500 ஏக்கருக்கும் அதிகமான தரிசைத் திருத்தக் கடன் பெற்றார்கள். அதைத் திருப்பிக் கட்டியது பணமாக அல்ல, சோளமாக. ஊரிலேயே தானியக் கிடங்கு. யார் மிக ஏழை என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊரார் கூடி, தரையில் படம் வரைந்து முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியல்படி குறைந்த விலைக்குச் சோளம் கொடுத்தார்கள். விதைகளை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் திருவிழாவையும் ஆண்டுதோறும் நடத்தினார்கள். ஊட்டச்சத்து ஆலோசகர் யாரும் வந்து இவர்களுக்கு மாவு தேர்ந்தெடுத்துத் தரவில்லை. நிலமும் விதையும் கிடங்கும் கையில் இருந்ததால் தேர்வும் கையில் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வாசல் பாதி திறந்திருக்கிறது. 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. நல்ல தொடக்கம், மற்ற மாவட்டங்களுக்கும் கேட்க வேண்டும். அந்தக் கேழ்வரகு யார் நிலத்தில் விளைகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கியதாகச் சொல்லப்படும் பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். கேழ்வரகும் கம்பும் சோளமும் விளையக்கூடிய புஞ்சைகள் அதில் நிறைய. பெரும்பகுதி இன்று பிறர் கையில். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் புல எண்ணுக்கு எதிரே நிபந்தனைப் பட்டா என்று இருக்கிறது, அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது, உழுவது யார் என்று எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.