மூக்கு ஒழுகுதா? சளியோட நிறத்தை விடுங்க... நாள் கணக்கைப் பாருங்க!

தை மாதம் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் சம்பா அறுவடை ஜோராக நடக்கும். வயலில் அறுவடை மெஷின் இறங்கினாலே நெல் சுணையும் வைக்கோல் தூசியும் வீடு வரைக்கும் பறக்கும். மூக்கு ஒழுக ஆரம்பித்ததும் 'சளி பிடிச்சிருச்சு'ன்னு மாத்திரை தேடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

சளி நம் உடம்பில் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்; மீதி மியூசின் என்ற புரதம், உப்பு, கிருமியை எதிர்க்கும் பொருள்கள். மூச்சில் வரும் தூசியும் கிருமியும் இந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய முடிகள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுவோம். இரைப்பையை அதன் அமிலம் அரிக்காமல் காப்பதும் அங்குள்ள சளிப்படலம்தான்!

மஞ்சள், பச்சை நிறம்? கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்களால் வருவது. சாதாரண ஜலதோஷத்திலும் வரும். அதுக்காக நீங்களா ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. வைரஸிடம் அது வேலைக்கு ஆகாது. தண்ணீர் நிறைய குடிங்க. களத்துல நிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்க.

ஆனா, இருமல் 2 வாரம் தாண்டினால் 'தூசி அலர்ஜி'ன்னு தள்ளிப்போடாதீங்க. கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தா காசநோயா இருக்கலாம். சளியில் ரத்தமோ, மூச்சுத்திணறலோ இருந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கேளுங்க; இலவசம். தஞ்சாவூர் அருகே செங்கிப்பட்டியில் காசநோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கு. பொதுவாக 6 மாதம் மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும்.