ஒலிப்பெட்டியும் பகுத்தறிவும்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர் நம்மவர். மணமக்களின் குணத்தையும் மனத்தையும் அறியாமல், கட்டங்களில் எழுதிய கோள்களை எண்ணி முடிவு செய்யும் அவ்வழக்கத்தின் பேதைமையை அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். அதே பழக்கம் கடைத்தெருவிலும் நம்மைத் தொடர்ந்து வருகிறது. வீட்டில் இசை கேட்க விழைந்து ஆம்பிளிபயர் ஒன்றை வாங்கியவர், அதற்கேற்ற ஸ்பீக்கர் பெட்டி யாதென வினவினால், கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் சோதிட விடைகளே. “கம்பெனியின் பெயரைப் பார்” என்பார் ஒருவர். “விலை உயர்ந்ததை எடு” என்பார் மற்றொருவர். “வாட் மிகுந்ததைக் கொள்” என்பார் பிறிதொருவர். இவற்றை நம்பி, உழைத்துச் சேர்த்த பொருளை இழப்போர் பலர். அலமாரித் தட்டில் அடங்கும் சிறு ஒலிப்பெட்டி தோன்றிய வரலாற்றை அறிவோமாயின், மெய்யான பொருத்தம் யாதென்பது தானே விளங்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்க நாட்டின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைய, அதனோடு பிணைந்த காகிதக் கூம்பு காற்றை அசைத்து ஒலி எழுப்பும் முறையை அக்கட்டுரை விளக்கிற்று. இன்றைய ஒலிப்பெட்டிகளில் மிகப் பலவும் அம்முறையின் வழித்தோன்றல்களே. 1926-இல் அது ‘ரேடியோலா 104’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தபோது, அதனை இயக்கும் ஆம்பிளிபயரும் அதே பெட்டியினுள் அமைந்திருந்தது. கூம்பின் தேவையை அறிந்தவர்களே அதற்கு ஊட்டமளிக்கும் கருவியையும் செய்தமையால், வாங்குவோர் பொருத்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இந்நிலை மாறிற்று. 1947-இல் வில்லியம்சன் என்பார் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் 15 வாட் ஆம்பிளிபயர் ஒன்றின் அமைப்பை வெளியிட, ஆர்வமுடையோர் பலர் தம் கையாலேயே அதனைச் செய்துகொண்டனர். ஆம்பிளிபயர் ஓரிடத்தும், ஒலிப்பெட்டி வேறோரிடத்தும் பெறும் வழக்கம் பரவிற்று. அக்காலத்து நல்ல ஒலிப்பெட்டியோ பேருருவம் கொண்டது. அமெரிக்கரான பால் கிளிப்ஷ் அமைத்த மூலைக்கொம்புப் பெட்டி, அறையின் சுவர்களையே தன் கொம்பின் நீட்சியாகக் கொண்டு, ஓரிரு வாட்டிலேயே அறையை ஒலியால் நிரப்பிற்று. ஆயினும் அத்துணைப் பெரும் பெட்டிக்கு இடங்கொடுக்க வல்ல இல்லங்கள் எத்தனை?

சிறு பெட்டியில் மந்தர ஸ்தாயி ஒலியை எழுப்புதல் அரிது. பெட்டியினுள் அடைபட்ட காற்று, கூம்பின் அசைவைத் தடுக்கும் சுருள்வில் போல் நிற்பதே காரணம். எட்கர் வில்ச்சர் என்னும் ஆசிரியர் இத்தடையையே துணையாக்கினார். கூம்பைப் பற்றியிருக்கும் விளிம்பையும் துணியையும் மிகத் தளர்த்தி, காற்றையே அதன் சுருள்வில்லாகக் கொண்டார். துணியின் விசையினும் காற்றின் விசை ஒழுங்கானது. ஆதலின் ஒலியின் திரிபும் குறைந்தது. 1954-இல் அவரும் அவர் மாணவர் ஹென்றி குளோஸும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கௌஸ்டிக் ரிசர்ச் என்னும் நிறுவனத்தை நிறுவினர். பேரலமாரி செய்த வேலையை அவர்களுடைய சிறு பெட்டி செய்யக் கண்டு கேட்டோர் வியந்தனர்.

இவ்வெற்றிக்கு ஒரு விலையுண்டு. பெட்டி சிறிதாகவேண்டும், மந்தர ஒலி ஆழமாகவேண்டும், குறைந்த மின்னாற்றலில் மிக்க ஒலி வேண்டும் என்னும் மூன்றனுள் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றாவதை இழந்தே தீரவேண்டும். குளோஸுடன் பின்னர்த் தொழில் நடத்திய ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் இது ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என வழங்குகிறது. 1958-இல் வெளிவந்த ஏ.ஆர்.-3 என்னும் பெட்டிக்குக் குறைந்தது 25 வாட் ஆம்பிளிபயர் வேண்டுமென அதனைச் செய்தோரே கூறினர். கிளிப்ஷின் பெட்டிக்கு ஓரிரு வாட் போதிய காலத்தில் இது பெரும்பசியன்றோ?

அதே காலத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவிற்று. ஒரு பெட்டி நின்ற வீட்டில் இரு பெட்டிகள் நிற்கவேண்டியதாயின. எனவே சிறு பெட்டியே நிலைபெற்றது. பின்னர் 1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கென அமைத்த எல்.எஸ். 3/5ஏ பெட்டியின் உயரம் ஓர் அடியே. குரலை உள்ளவாறே காட்டுவதில் அது பெரும்புகழ் பெற்றது. எனினும் ஒரு வாட்டிற்கு ஒரு மீட்டர் தொலைவில் அது தருவது ஏறத்தாழ 83 டெசிபல் ஒலியே.

இவ்வரலாற்றினின்று வாங்குவோர் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, பெட்டியின் ஒலித்திறன். இதனை டெசிபலில் குறிப்பர். 3 டெசிபல் கூட்ட மின்னாற்றலை இரட்டிக்க வேண்டும். 89 டெசிபல் பெட்டிக்கு 20 வாட் போதுமாயின், அதே அளவு ஒலிக்கு 83 டெசிபல் பெட்டி 80 வாட் கேட்கும். 40 வாட்டை விட்டு 50 வாட்டிற்குப் பணம் கொடுப்பவர் பெறுவதோ ஒரு டெசிபலே.

இரண்டாவது, ஓம் என்னும் தடையளவு. 8 ஓம் பெட்டியினும் 4 ஓம் பெட்டி இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது ஆம்பிளிபயரின் பின்புறத்தே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதனினும் குறைந்த பெட்டியை இணைத்தால் கருவி கொதித்து ஒடுங்கும்.

மூன்றாவது, அறையும் கேட்போர் விருப்பமும். சிற்றறையில் மெல்லக் கேட்போர்க்குச் சிறு ஆம்பிளிபயரே போதும். வலிகுன்றிய ஆம்பிளிபயரை அளவுக்குமேல் முடுக்கினால், ஒலியலைகளின் முகடு வெட்டுண்டு, தார ஸ்தாயிக்கான சிறு சுருள் கருகிப்போகும். வாட் மிகுந்தாலன்றிப் பெட்டி கெடாது என்பார் கூற்று இதனால் பொய்யாகிறது.

வில்ச்சர் தம் பெட்டியைப் புகழ்ந்து பேசுவதோடு அமையவில்லை. இசைக்குழுவினரை மேடையில் இருத்தி, அவர்தம் வாசிப்பினிடையே ஒலிப்பதிவையும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, வேறுபாட்டைக் கண்டுபிடிக்குமாறு மக்களையே அழைத்தார். மாறிய இடத்தைப் பலரால் அறிய இயலவில்லை. தம் பண்டத்தைச் சோதனைக்கு உட்படுத்திய அத்துணிவை நாமும் விற்போரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரு பெட்டிகளையும் ஒரே ஒலியளவில் ஒலிக்கச் செய்து கேட்போமாக. ஒன்று சற்று உரக்க ஒலித்தால் அதுவே சிறந்ததென நம் செவி மயங்கும். இஃது அறிந்த வணிகர் உளர். எண்ணையும் செவியையும் கொண்டு தேர்ந்தவன் வீட்டில் குறைந்த விலைப் பெட்டியும் இனிது பாடும். பெயரைக் கண்டு வாங்கியவனுக்கோ கடனும் எஞ்சும், கரகரப்பும் எஞ்சும்.